பழியும் பணியும்
ஓட்டிசம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு குழந்தை பேசாதிருப்பதற்கும், தாயின் முகத்தை ஏறிட்டுப் பாராதிருப்பதற்கும், ஏனைய பிள்ளைகளோடு கூடி விளையாடாதிருப்பதற்கும் அக்குழந்தையைப் பெற்றவளின் அன்பின்மையே காரணம் என்று சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஏறத்தாழ இருபது ஆண்டுக்காலம் விஞ்ஞானத்தின் பெயராற் கூறப்பட்டு வந்தது. கூறியவர்கள் பாமரர் அல்லர். பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் பெயர்பெற்ற உளமருத்துவர்களுமே. அக்கூற்றை நம்பித் தாய்மாரை எதிரே இருத்தி விசாரித்தவர்களுள் சமூகப் பணியாளர்களும் இருந்தனர். பின்னர் அதனைத் தகர்ப்பதற்கு முன்னின்றவர்களுள்ளும் சமூகப்பணி பயின்ற ஒருவர் இருந்தார். ஓட்டிசம் என இன்று வழங்கும் நிலையைப் பற்றிய அறிவு வளர்ந்த வரலாற்றை இந்த முரண்பாட்டை மனத்திற்கொண்டே நாம் நோக்க வேண்டும்.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஓட்டிசம் தொற்றுநோயன்று, வளர்ப்பினால் வருவதுமன்று. மூளையின் வளர்ச்சியிலேயே அமைந்து, வாழ்நாள் முழுவதும் உடன்வரும் ஒரு வேறுபாடு அது. அதனையுடையோர் யாவரும் ஒரு தன்மையர் அல்லர். சிலர் ஒரு சொல்லும் பேசுவதில்லை. சிலர் ஏட்டில் எழுதியதைப்போலத் திருத்தமாகப் பேசுவர். ஆனால் கேட்டிருப்பவர் சலித்துவிட்டதை அறியார். குறிப்பாற் சொல்வதை விடுத்துச் சொல்லின் நேர்ப்பொருளையே கொள்வர். பலருக்கு வகுப்பறையின் இரைச்சல் உடல்நோவுபோல் வருத்தும். பழகிய ஒழுங்கு குலைந்தாற் பதைப்பர். விருப்பமான ஒரு பொருளிலோ பிறர் வியக்கும் அளவிற்கு ஆழ்ந்து நிற்பர். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021இல் உலக மக்களுள் ஏறத்தாழ 127 பேருக்கு ஒருவர் இத்தகையோர். எனவே ஆசிரியராகப் பணிபுரியும் எவரும் தம் வாழ்நாளில் இத்தகைய மாணவரைச் சந்தித்தே இருப்பர். இனங்கண்டாரா என்பது வேறு கேள்வி.

*

‘ஓட்டிசம்’ என்னும் சொல்லை 1911ஆம் ஆண்டளவில் வழக்கிற்குக் கொணர்ந்தவர் சுவிற்சர்லாந்தின் உளமருத்துவர் ஒய்கன் புளொய்லர். அவர் அதனை வேறோர் உளநோயின் அறிகுறியையே குறிக்கப் பயன்படுத்தினார். இன்று நாம் கருதும் பொருளிற் பிள்ளைகளை நுணுகி நோக்கி எழுதியவர்களுள் முதன்மையானவர் மொஸ்கோவிற் பணியாற்றிய குரூன்யா சுகரேவா என்ற பெண் வைத்தியர். 1925இல் ருஷ்ய மொழியிலும் அடுத்த ஆண்டு ஜேர்மன் மொழியிலும் ஆறு சிறுவர்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை, பின்வந்தோர் கண்டவற்றுட் பெரும்பாலானவற்றை முன்னரே கூறிவிட்டது. உடற்பயிற்சி, தச்சுவேலை, ஓவியம் ஆகியவற்றோடு கூடிய பாடசாலையில் வைத்தே அவர் அச்சிறுவர்களை நோக்கினார். எனினும் ஆங்கிலம் மட்டும் படிப்போர் அக்கட்டுரையை முழுமையாக அறிய 1996 வரை காத்திருக்க நேர்ந்தது. அறிவுலகத்திலும் சில நாடுகளின் குரலே எட்டுத்திக்கும் கேட்கிறது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

1943இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த லியோ கானர், எட்டுச் சிறுவரும் மூன்று சிறுமியருமாகப் பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே உலகின் கவனத்தை ஈர்த்தது. இப்பிள்ளைகள் பிறவியிலேயே பிறரோடு உறவுகொள்ளும் இயல்பாற்றல் குறைந்தவர்கள் என்பது அவர் முடிவு. ஆனால் அதே கட்டுரையில் இன்னொன்றையும் அவர் குறித்தார்: இவர்களின் பெற்றோர் பெரும்பாலும் உயர்கல்வி கற்றவர்கள், நூலறிவில் நாட்டமுடையோர், உள்ளத்தின் கனிவை வெளிக்காட்டாதவர்கள்.

இவ்விடத்தில் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. பால்ற்றிமோர் நகரத்துப் பேராசிரியரிடம் தம் பிள்ளையை அழைத்துச் செல்லக்கூடியவர்கள் யாவர்? வழக்கறிஞரும் வைத்தியரும் பேராசிரியருமே அன்றோ? கூலித் தொழிலாளியின் பேசாத பிள்ளைக்கு ‘மந்தபுத்தி’ என்ற ஒற்றைச் சொல்லும் அரசாங்க விடுதியின் ஒரு மூலையுமே கிடைத்தன. மருத்துவமனையின் வாயிலைக் கடக்க முடிந்தோரை மட்டும் எண்ணிவிட்டு, இது படித்தவர் வீட்டு நோய் என்று முடிவுகட்டினர். ஆங்கில ஆய்வாளர் லோர்னா விங் 1980இல் வெளியிட்ட ஆய்விலேயே, ஒரு பிரதேசத்துப் பிள்ளைகள் அனைவரையும் தேடிக் கணக்கிட்டால் இந்த வர்க்க வேறுபாடு மறைந்துவிடுகிறது என்பது புலனாயிற்று.

1944இல் வியன்னாவில் ஹான்ஸ் அஸ்பேர்கர் நான்கு சிறுவர்களைப் பற்றி எழுதினார். அவர்களது தனித்திறன்களைப் பாராட்டியவர் என்று அவர் நெடுங்காலம் போற்றப்பட்டார். ஆயின் 2018இல் ஹேர்விக் செக், ஈடித் ஷெபர் ஆகிய வரலாற்றாசிரியர்கள் பழைய ஆவணங்களைக் கொண்டு மறுபக்கத்தைக் காட்டினர். நாசி ஆட்சியில் 789 பிள்ளைகள் உயிரிழந்த ஸ்பீகல்குரூண்ட் நிலையத்திற்கு அனுப்புமாறு அஸ்பேர்கர் எழுதிக்கொடுத்த பிள்ளைகளும் இருந்தனர். அவர்களுள் இரு சிறுமியர் அங்கே மாண்டனர். அரசுக்குப் பயன்படுவோர், பயன்படாதோர் எனப் பிள்ளைகளைப் பிரிக்கத் தொடங்கினால், பாராட்டும் கொலையும் ஒரே பேனாவினின்று வரக்கூடும் என்பதை இவ்வரலாறு கற்பிக்கிறது.

*

போருக்குப் பின் அமெரிக்காவில் உளப்பகுப்பாய்வுக் கொள்கை ஓங்கியது. குழந்தையின் துன்பங்களுக்கெல்லாம் வேரைத் தாயிடமே தேடும் வழக்கம் பரவிற்று. கானரும் 1949இல், பனி உருகாத குளிர்ப்பெட்டிக்குள் வைத்ததுபோல் இப்பிள்ளைகள் வளர்க்கப்பட்டனர் என்ற கருத்துப்பட எழுதினார். ‘குளிர்ப்பெட்டித் தாய்’ என்னும் வசை அதன் வழியே பிறந்தது. அதனைப் பொதுமக்களிடையே பரப்பியவர் சிக்காகோவில் சிறுவர் பாடசாலை ஒன்றை நடத்திய புரூனோ பெற்றல்ஹைம். டக்காவ், பூகன்வால்ட் ஆகிய நாசி முகாம்களில் அடைபட்டு மீண்டவர் அவர். 1967இல் வெளிவந்த தமது நூலில் அம்முகாம்களின் கைதிகளோடு இக்குழந்தைகளை ஒப்பிட்டார். அவ்வொப்புமையின்படி காவலாளி யார்? தாயே. ஆகவே பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிப்பதே மருந்து என்றாயிற்று.

அக்காலத்துக் குழந்தை வழிகாட்டல் நிலையங்களில் வேலைப்பிரிவினை ஒன்று நிலவியது. உளமருத்துவர் பிள்ளையைக் கவனிப்பார். உளவியலாளர் சோதனைகளை நடத்துவார். சமூகப் பணியாளர் தாயைக் கவனிப்பார். தாயைக் கவனித்தல் என்பது பெரும்பாலும் அவளது குற்றத்தை அவள் வாயாலேயே உணரச் செய்தல் என்று ஆயிற்று. இரவெல்லாம் உறங்காத பிள்ளையோடு விழித்திருந்துவிட்டு வந்தவளிடம், அப்பிள்ளையைப் பெற விரும்பினீர்களா என்று கேட்டனர். அவளுக்கு வேண்டியிருந்தவையோ ஓர் இரவின் உறக்கமும், பிள்ளைக்கு ஒரு பாடசாலையும், நாளை என்ன செய்வது என்று சொல்லும் ஓர் ஆலோசனையுமே.

இந்தக் கொள்கை ஆய்வுகூடத்திலிருந்து மட்டும் வீழ்த்தப்படவில்லை. 1964இல் பேர்னாட் றிம்லண்ட் எழுதிய நூல் தாய்ப்பழிக்குச் சான்றேதும் இல்லை என்று காட்டியது. அவர் கடற்படையிற் பணியாற்றிய உளவியலாளர். ஓட்டிசமுடைய மகனின் தந்தை. அடுத்த ஆண்டில் அமெரிக்கப் பெற்றோர் ஒன்றுதிரண்டு தேசிய சங்கம் அமைத்தனர். இலண்டனில் அதற்கு முன்னரே, 1962இல், பெற்றோர் சங்கம் தோன்றியிருந்தது. மொன்ரிசோரி முறை பயின்ற சிபில் எல்கார் என்னும் ஆசிரியை தம் வீட்டு நிலவறையிலே இப்பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தொடங்கினார்; 1965இல் ஈலிங் பகுதியில் அவர்களுக்கெனப் பாடசாலை திறக்கப்பட்டது. கற்பிக்க இயலாதவர் என்று ஒதுக்கப்பட்டோர் கற்றனர். 1969இல் அமெரிக்கப் பெற்றோரின் கூட்டத்திலே கானரே எழுந்து, அவர்கள்மீது சுமத்திய குற்றத்திலிருந்து அவர்களை விடுவிப்பதாகக் கூறினார். 1977இல் சூசன் ஃபோல்ஸ்ரைனும் மைக்கல் றட்டரும் 21 சோடி இரட்டையரை ஆராய்ந்தனர். ஒரே கருவிலிருந்து பிறந்த 11 சோடிகளுள் நான்கில் இருவருக்கும் ஓட்டிசம் இருந்தது. வெவ்வேறு கருவிலிருந்து பிறந்த 10 சோடிகளுள் ஒன்றிலேனும் அவ்வாறு இல்லை. மரபுவழியின் பங்கு இவ்வாறு வெளிப்பட்டது.

தொடக்கத்தில் நாம் குறிப்பிட்ட சமூகப் பணியாளர் எரிக் ஷொப்லர். ஜேர்மனியிற் பிறந்து, 1938இல் நாசிகளுக்குத் தப்பிக் குடும்பத்தோடு அமெரிக்கா சேர்ந்தவர். பெற்றல்ஹைமின் செல்வாக்கு நிலவிய அதே சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் 1955இற் சமூகப்பணிப் பட்டமும் பின்னர் உளவியலிற் கலாநிதிப் பட்டமும் பெற்றவர். வட கரோலினாவில் அவரும் றொபேட் றைக்லரும் 1966இல் தொடங்கிய திட்டத்திற் பெற்றோர் நோயாளராகவோ குற்றவாளிகளாகவோ நடத்தப்படவில்லை. உடன் பணிபுரிவோராகச் சேர்க்கப்பட்டனர். நாளின் வேலைகளைப் படங்களால் வரிசைப்படுத்திக் காட்டல், எவ்வேலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் கண்ணாற் காணச் செய்தல் முதலிய எளிய முறைகளை அவர்கள் வகுத்தனர். 1972இல் அம்மாநிலச் சட்டமன்றம் அதனை மாநிலம் முழுவதற்கும் உரிய பொதுச் சேவையாக்கியது. ஒரு குடும்பத்தின் தனித்துயரம் அரசின் கடமையாக மாறிய அந்த ஆண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

*

இனி, கானரின் பதினொரு பிள்ளைகளுக்கு என்ன நேர்ந்தது என்று பார்ப்போம். 1971இல் அவரே அவர்களைத் தேடியறிந்து எழுதினார். அரசாங்க விடுதிகளில் அடைக்கப்பட்டோர் சிறுவயதிற் காட்டிய திறன்களையும் இழந்து, வெறுமையில் ஒடுங்கிப்போயினர். அவ்விடுதிக்குள் நுழைவது ஆயுட்தண்டனைக்கு ஒப்பானது என்பது அவரது கருத்து.

அவர் ஏட்டில் முதலாவதாக இடம்பெற்ற மிசிசிப்பி மாநிலச் சிறுவனின் கதையோ வேறு. மூன்று வயதில் அவனும் ஒரு நிலையத்திற்கு அனுப்பப்பட்டவனே. ஓராண்டின் பின் பெற்றோர், அங்கிருந்த அதிகாரியின் விருப்பிற்கு மாறாக அவனை வீட்டிற்கு அழைத்துவந்தனர். 1942இல் அயற்புறத்துக் கமக்காரத் தம்பதியரிடம் தங்கவிட்டனர். எதையும் அளந்துகொண்டேயிருக்கும் அவனிடம் கமக்காரர் கிணறு தோண்டும் வேலையைக் கொடுத்து, ஆழத்தை அளந்து சொல்லச் செய்தார். சோளச் செடிகளின் நிரைகளை ஓயாது எண்ணியவனை, உழுதுகொண்டே எண்ணுமாறு விட்டார். இறந்த பறவைகளையும் பூச்சிகளையும் அவன் சேர்த்துவரவே, அவற்றைப் புதைக்க ஓரிடம் ஒதுக்கிப் பெயர்ப்பலகை நடச்செய்தார். 1945இல் நேரிற் சென்று இவற்றைக் கண்டவர் கானர். அச்சிறுவன் நாட்டுப்புறப் பாடசாலையிற் படித்து, பின் கல்லூரி சென்று, வங்கியில் வேலை பார்த்து, தன் ஊரிலேயே முதுமை எய்தினான்.

அக்கமக்காரத் தம்பதியர் உளவியல் கற்றவர் அல்லர். எனினும் அவர்கள் செய்ததே சிறந்த சமூகப்பணி. பிள்ளையின் இயல்பை ஒடிக்க முயலாது, அவ்வியல்பிற்குப் பயனுள்ள இடத்தைத் தம் வாழ்க்கைக்குள் உண்டாக்கினர். ஆனால் மறந்துவிடலாகாத உண்மை ஒன்றுண்டு: அவன் தந்தை வழக்கறிஞர், தாயின் குடும்பத்தாரே அவ்வூர் வங்கியை நடத்தினர். செல்வமும் நற்பேறும் ஒரு பிள்ளைக்குத் தந்த வாழ்வை, அவை இல்லாத பிள்ளைகளுக்கு யார் தருவது? சமூகப்பணி என்பதன் நியாயமே இக்கேள்வியில் அடங்கியிருக்கிறது. அது தருமம் அன்று; நற்பேறாகக் கிடைத்ததை உரிமையாக்கும் முயற்சி.

*

சட்டங்கள் மெல்ல வந்தன. கற்பிக்க முடியாதவர் என எப்பிள்ளையையும் விலக்கும் வழக்கை இங்கிலாந்து 1970ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழித்தது. உடல், உளக் குறைபாடுடைய பிள்ளைகள் யாவருக்கும் கல்வியுண்டு என அமெரிக்கா 1975இல் விதித்தது. 2009இல் இங்கிலாந்து ஓட்டிசமுடைய முதிர்ந்தோருக்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. ஏனெனில் பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள். பாடசாலையை விட்டு நீங்கும் நாளோடு ஆசிரியரின் துணை முடிந்துபோகிறது. நேர்முகப் பரீட்சையிற் கண்ணைப் பாராதவன், வேலையிற் பிழையே விடாதவனாயினும் தள்ளப்படுகிறான். பேசத் தெரியுமாதலால் உதவி தேவையில்லை என்று ஓர் அலுவலகமும், உளநோய் இல்லையாதலால் தமக்குரியவன் அல்லன் என்று இன்னோர் அலுவலகமும் கைவிடுகின்றன. பெற்றோர் மூப்படைகின்றனர், தமக்குப் பின் யார் என்ற கேள்வி அவர்கள் உறக்கத்தைக் கெடுக்கிறது.

சமூகப் பணியாளரின் இடம் இங்கேதான். பேச்சினாலன்றி வேலையினாற் சோதிக்குமாறு தொழில் வழங்குவோரிடம் வாதாடுதல், வாய்மொழிக் கட்டளையை எழுத்தில் தரச் செய்தல், உதவிப்பணத்திற்கான படிவங்களின் காட்டில் வழிகாட்டல், பெற்றோருக்குச் சில நாள் ஓய்வு கிடைக்க ஒழுங்குசெய்தல், அவர்கள் உயிரோடிருக்கும்போதே பிள்ளையின் வருங்கால உறைவிடத்தைத் திட்டமிடல் ஆகியன அவரது பணி. ஓட்டிசத்தை அறியாத பணியாளரோ பழைய பிழையையே புதுப்பிப்பார்: பிள்ளையின் மௌனத்திலே தாயின் கவனக்குறைவைக் காண்பார்.

அறிவும் இன்று ஒருபடி முன்சென்றுள்ளது. ஓட்டிசமுடையவரான சமூகவியலாளர் டேமியன் மில்ற்றன் 2012இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: ஒருவரையொருவர் விளங்காமை இருபக்கத்தது, அவர் நம்மை அறியாததுபோல நாமும் அவரை அறிவதில்லை. 2020இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு கதையை ஒருவர்பின் ஒருவராகச் சொல்லச் செய்தனர். ஓட்டிசமுடையோர் தம்முள் அதனைக் கடத்தியபோது ஏனையோரைப்போலவே செவ்வையாகக் கடத்தினர். இருசாராரும் கலந்திருந்தபோதே கதை மிகச் சிதைந்தது. எனவே ‘சமூகக் குறைபாடு’ என்று நாம் ஒருவர் தலையிற் சுமத்துவதிற் பாதி நம்முடையதே.

ஆசிரிய நண்பர்களே, மாணவ நண்பர்களே! பழி சுமத்துதல் எளிது; அதற்குச் செலவில்லை. தாயைக் குற்றஞ்சாட்டிய காலத்தில் எந்த அரசும் அத்தாய்க்கென ஒரு பாடசாலையைக் கட்டவேண்டியிருக்கவில்லை. பழி நீங்கியபோதுதான் கடமை தொடங்கிற்று. உங்கள் வகுப்பின் கடைசி வாங்கில் ஓயாது எதையோ எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளையைக் காணும்போது, எண்ணாதே என்று அதட்டுமுன் ஒரு கணம் நில்லுங்கள். அவன் எண்ணுவதற்கு ஏற்ற வயல் எது என்று தேடுங்கள். அவ்வயல் இல்லையெனின், அதனை உண்டாக்குமாறு சமுதாயத்தைக் கேட்பதும் உங்கள் பணியே.