இரண்டு புள்ளி, ஒரு கோடு

இன்று அரசியல் இல்லை. ஒரு புள்ளியின் கதை.

ரங்கூன் அலோனில் எங்கள் வீட்டில் தமிழ்ப் பள்ளிக்கூடம் போனவர் தாத்தா மட்டும்தான். 1965 முதல் அரசு தனியார் பள்ளிகளை எடுத்துக்கொண்டது. எங்கள் தலைமுறைக்குப் பள்ளியில் பர்மிய எழுத்துதான். நான் தமிழ் படித்தது தாத்தாவின் பழைய உரைப் புத்தகத்தில். செய்யுளுக்குக் கீழே (இ-ள்) என்று இருக்கும். "இள்" என்றே வாசிப்பேன்.

"இதன் பொருள்டா அது. நடுவுல விழுங்கிட்டாங்க" என்று தாத்தா சிரிப்பார்.

பிறகு 'குறிப்பு:-' வரும். பர்மியத்தில் மேலும் கீழுமாக இரண்டு புள்ளி வைத்தால் அது தொனிக்குறி, எழுத்தோடு சேர்ந்தது. நிறுத்தத்துக்கு நெடுங்கோடுதான். அதனால் 'பூ'வை இழுத்து வாசிப்பேன். அதற்கும் தாத்தா சிரிப்பார்.

இந்தக் குறிகள் எங்கிருந்து வந்தன? ஓலைச்சுவடியில் நிறுத்தக்குறி கிடையாது. ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துக்குக்கூடப் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள். மூலமும் உரையும் ஒரே ஓட்டமாக ஓடும். 1887-இல் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்த உ.வே.சாமிநாதையருக்கு, எது மூலம் எது உரை என்று பிரிப்பதே பெரும்பாடு. அதற்கு முன்பே, 1849-இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் வைத்த ஆறுமுக நாவலர், ஆங்கில நிறுத்தக்குறிகளைத் தமிழ் உரைநடையில் பழக்கப்படுத்தினார். முக்காற்புள்ளியோடு கோடு சேர்ப்பது அக்கால ஆங்கில அச்சு வழக்கம். அங்கே வழக்கொழிந்துவிட்டது. நம் புத்தகங்களில் இன்னும் பார்க்கலாம்.

இப்போது புத்தகம் கட்டுகிறவர்கள், "தலைப்புச் சொல் தடித்த எழுத்தில் இருக்கிறதே, குறி எதற்கு?" என்கிறார்கள். அதே பக்கத்தை நகலெடுத்துக் கைப்பேசியில் அனுப்பிப் பாருங்கள். தடிப்பு போய்விடும். மறுபடி ஓலைச்சுவடிதான்.

1996 டிசம்பரில் பல்கலைக்கழகத்தை மூடினார்கள். என் படிப்பு அதோடு நின்றது. இப்போது வேறு நாட்டில் சமையலறை வேலை. போன மாதம் சுவரில் ஒட்டிய தாளில் ஒரே வரியாக இருந்தது: "கடலை உள்ளவை சட்னி குருமா கடலை இல்லாதவை சாம்பார் ரசம்". புதிதாக வந்த தம்பி, "சட்னி குருமா கடலை இல்லாதவை" என்று வாசித்தான். கடலை ஒத்துக்கொள்ளாத வாடிக்கையாளர் வெளியே காத்திருக்கிறார். நல்லவேளை, காதில் விழுந்தது. பேனாவை எடுத்து இரண்டு இடத்திலும் முக்காற்புள்ளி வைத்தேன்.

கோடு வேண்டுமா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம். புள்ளியை மட்டும் விடாதீர்கள். சொல்லித்தரத் தாத்தா இல்லாத பிள்ளைக்கு அதுதான் வாத்தியார்.