கொண்டோமினியம்: ஒரு நாடு, இரண்டு எசமானர்கள்

கொண்டோமினியம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் நினைவுக்கு வருவது என்ன? நீச்சல் குளம், வாசலில் பாதுகாவலர், மாதாமாதம் கட்ட வேண்டிய பராமரிப்புக் கட்டணம். கோலாலம்பூரானாலும் சிங்கப்பூரானாலும் 'கொண்டோ' என்று சுருக்கிச் சொன்னாலே சிறு பிள்ளைக்கும் புரிந்துவிடும். ஆனால் அடுக்குமாடி வீட்டுக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே இந்தச் சொல் அரசியலில் இருந்தது. ஒரே நிலத்தை இரண்டு அரசுகள் ஒரே நேரத்தில் சம உரிமையோடு ஆள்வதற்குத்தான் கொண்டோமினியம் என்று பெயர்.

லத்தீன் மொழியில் 'கொன்' என்றால் சேர்ந்து. 'டொமினியும்' என்றால் உடைமை, ஆளும் உரிமை. இரண்டும் கூடிப் பிறந்த சொல் இது. ஐரோப்பாவில் பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடையில் இருக்கும் அண்டோரா என்ற சிறிய நாட்டுக்கு 1278-ஆம் ஆண்டு முதல் இரண்டு தலைவர்கள். ஒருவர் ஸ்பெயின் நாட்டின் உர்ஹெல் மறைமாவட்ட ஆயர்; மற்றவருடைய இடத்தில் இன்று பிரான்ஸ் அதிபர் இருக்கிறார். 1993-இல் புதிய அரசியல் சட்டம் வந்து, ஆளும் அதிகாரம் மக்களின் கைக்குப் போனது. ஆயினும் அந்த இரட்டைத் தலைமை மட்டும் மாறவில்லை.

ஆப்பிரிக்காவின் சூடான் 1899 முதல் 1956 வரை பிரிட்டன், எகிப்து ஆகிய இரண்டின் கூட்டு ஆட்சியில் இருந்தது. அங்கே இரண்டு கொடிகள் பறந்தன. கடிவாளம் மட்டும் பிரிட்டன் கையில் இருந்தது. காகிதத்தில் சமம் என்று எழுதிவிட்டால் நடப்பிலும் சமமாகிவிடுமா?

உண்மையிலேயே இருவரும் சமமாக ஆண்டால் என்ன நடக்கும் என்பதைக் காட்டியது பசிபிக் கடலின் நியூ ஹெப்ரிடிஸ் தீவுகள். இன்று அதற்கு வனுவாத்து என்று பெயர். பிரிட்டனும் பிரான்சும் அந்தத் தீவுகளை ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்க மனமில்லாமல், 1906-இல் கூட்டு ஆட்சிக்கு ஒப்பந்தம் செய்துகொண்டன.

அதன் பிறகு எல்லாமே இரண்டிரண்டு. இரண்டு ஆணையர்கள், இரண்டு காவல் படைகள், இரண்டு வகைச் சிறைகள், இரண்டு வகைப் பள்ளிக்கூடங்கள். பிரிட்டனும் பிரான்சும் அல்லாத வேறு நாட்டிலிருந்து வந்து குடியேறுபவர் அந்த இரண்டில் எந்த நாட்டின் சட்டத்துக்குக் கட்டுப்படுவார் என்பதைத் தாமே தேர்ந்தெடுக்க வேண்டும்! இரு தரப்பு வழக்குகளையும் விசாரிக்க ஒரு கூட்டு நீதிமன்றம் அமைத்தார்கள். அதற்கு ஒரு பிரிட்டிஷ் நீதிபதி, ஒரு பிரெஞ்சு நீதிபதி. தலைமை நீதிபதியை யார் நியமிப்பது? இருவருக்கும் பொதுவான ஆளாக ஸ்பெயின் மன்னரைக் கேட்டுக்கொண்டார்கள். 'கொண்டோமினியம்' என்பதைப் 'பண்டமோனியம்', அதாவது ஒரே களேபரம் என்று அங்கிருந்தவர்களே கேலி செய்தார்கள்.

கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் அந்த மண்ணின் மைந்தர்களுடைய நிலை என்ன? பிரிட்டிஷ்காரருக்குப் பிரிட்டன் இருந்தது. பிரெஞ்சுக்காரருக்குப் பிரான்ஸ் இருந்தது. தீவுவாசிகளோ இரண்டு நாட்டுக்கும் குடிமக்கள் அல்லர். சொந்த மண்ணிலேயே நாடற்றவர்களாக வாழ்ந்தார்கள். இரண்டு அரசுகள் ஆண்டும், அவர்களை 'என் மக்கள்' என்று சொல்ல ஓர் அரசும் இல்லை. அவர்களுடைய நிலத்தில் பெரும் பகுதிக்கு வெளியார் உரிமை கொண்டாடினார்கள்.

பலர் கூடி அடித்தால் பாம்பு சாகாது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். 1980-இல் அதுவும் நடந்தது. சுதந்திரத்துக்கு முன்பு சாந்தோ தீவில் ஜிம்மி ஸ்டீவன்ஸ் தலைமையில் பிரிவினைக் கலகம் மூண்டது. இரண்டு வல்லரசுகளும் படைகளை அனுப்பின. இருந்தும் கலகம் அடங்கவில்லை. அந்த ஆண்டு ஜூலை 30-இல் நாடு சுதந்திரம் பெற்ற பிறகு, பிரதமர் வால்டர் லினியின் வேண்டுகோளை ஏற்றுப் பாப்புவா நியூ கினியிலிருந்து வந்த படைதான் அதை அடக்கியது. புதிய அரசியல் சட்டம் நிலம் முழுவதும் மரபுவழி உரிமையாளர்களான மண்ணின் மக்களுக்கே சொந்தம் என்று அறிவித்தது.

அப்படியானால் கூட்டு அதிகாரம் என்றாலே தோல்விதானா? நம் மலேசியாவும் தாய்லாந்தும் கடல் எல்லை பற்றிய தகராற்றை ஒரு புறம் வைத்துவிட்டு, அந்தப் பகுதியில் கடலடியில் கிடைக்கும் எரிவாயுவைச் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்ள 1979-இல் இணக்கம் கண்டன. 1990-இல் அதற்கென்று ஒரே ஒரு கூட்டு ஆணையத்தை அமைக்க ஒப்பந்தம் செய்தன. செலவிலும் பாதி, வரவிலும் பாதி; முடிவெடுக்க ஒரே மேசை. ஆனால் பங்கு பிரிக்கப்பட்டது எரிவாயு, மனிதர்கள் அல்ல. நியூ ஹெப்ரிடிஸில் இரண்டு மேசைகள் இருந்தன. நடுவில் மக்கள் நின்றார்கள்.

நேயர்களே, நாம் குடியிருக்கும் கொண்டோவுக்கும் இந்தப் பாடம் பொருந்தும். மின்தூக்கியும் மாடிப்படியும் எல்லாருக்கும் சொந்தம். எல்லாருக்கும் சொந்தமானது பழுதடைந்தால் அதற்கு யார் பொறுப்பு என்பதை முதலிலேயே எழுதி வைக்க வேண்டும். உரிமையைப் பங்கு போட எல்லாரும் முன்வருவார்கள். பொறுப்பைப் பங்கு போட வருகிறவர் யார் என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.