யார் பெயரில் எண்? கும்மிடிப்பூண்டித் தொழில் வட்டாரத்தில் குடும்ப வன்முறையும் கைப்பேசிவழிக் கண்காணிப்பும்

தொழில்நுட்பவழிக் குடும்ப வன்முறை என்பது, கணவனோ அவனைச் சார்ந்தவர்களோ கைப்பேசி, இணையக் கணக்கு, இருப்பிடம் காட்டும் வசதி, பணப்பரிவர்த்தனைச் செயலி ஆகியவற்றைக் கொண்டு ஒரு பெண்ணைக் கண்காணிப்பதையும் மிரட்டுவதையும், அவளுடைய வருவாயையும் உறவுகளையும் தம் பிடிக்குள் வைத்துக்கொள்வதையும் குறிக்கும். இதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் வேவுச் செயலிகளையும் ஒளித்துவைத்த கேமராக்களையும் சுற்றியே நடப்பதால், தீர்வும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளும்படி சொல்வதோடு முடிந்துவிடுகிறது. திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில் உள்ள கும்மிடிப்பூண்டித் தொழில் வட்டாரம் போன்ற இடங்களுக்கு அந்த அறிவுரை போதாது. சிம் யார் பெயரில் வாங்கப்பட்டது, ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் குடும்ப அட்டையிலும் எந்த எண் பதிவாகியிருக்கிறது என்பதே அங்கு ஒரு பெண்ணின் அன்றாடத்தை மற்றவர் கண்முன் திறந்துவைக்கிறது. எனவே பாதுகாப்பும் அந்தப் பதிவுகளைத் திருத்துவதிலிருந்தே தொடங்க வேண்டும் என்பதும், அதற்கு வேண்டிய அதிகாரம் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005இலேயே இருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

கும்மிடிப்பூண்டி, தேர்வாய்க்கண்டிகை சிப்காட் தொழிற்பேட்டைகள், அவற்றைச் சுற்றியுள்ள உருக்காலைகள், கவரைப்பேட்டை தொடங்கி ஆரம்பாக்கம் வரை நெடுஞ்சாலையோரம் எழுந்துள்ள வாடகைக் குடியிருப்புகள் ஆகியவை சேர்ந்த இந்த வட்டாரத்தில், உள்ளூர்க் குடும்பங்களோடு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்களும் வாழ்கின்றன. மாநில எல்லையைத் தாண்டி ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டிக்கு வேலைக்குப் போய்வருவோரும் உண்டு. ஷிப்டு மாறி மாறி வரும் வேலையில் கணவனும் மனைவியும் ஒரே கூரையின் கீழ் விழித்திருக்கும் நேரம் குறைவு. அந்த இடைவெளியைக் கைப்பேசி நிரப்புகிறது. ஆலை வாசலில் நின்று படம் எடுத்து அனுப்பச் சொல்வது, பேருந்தில் பக்கத்து இருக்கையைக் காணொளி அழைப்பில் காட்டச் சொல்வது, அழைப்பை எடுக்கத் தாமதமான ஒவ்வொரு நிமிடத்துக்கும் இரவில் கணக்குக் கேட்பது ஆகியவை அக்கறையின் வேடத்தில் தொடங்கி, அடி விழாத நாள்களிலும் அச்சம் நீங்காத ஒரு வாழ்வை உண்டாக்குகின்றன. அமெரிக்கச் சமூகவியலர் எவன் ஸ்டார்க் 2007இல் வெளியிட்ட நூலில் விளக்கிய ‘அடக்கியாளும் கட்டுப்பாடு’ என்ற கருத்தாக்கம் இங்கே பொருந்துகிறது. தனித்தனி அடிகளை எண்ணுவதைவிட, ஒரு பெண்ணின் நடமாட்டம், பணம், நட்பு ஆகியவற்றின்மீது இடையறாது விழும் கட்டுப்பாட்டை வன்முறையின் மையமாகக் கொள்ள வேண்டும் என்பது அவர் கருத்து.

ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குட்பட்ட, மணமான பெண்களில் 38.1 விழுக்காட்டினர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். இந்திய அளவில் இது 29.3 விழுக்காடு. தாமே பயன்படுத்தும் கைப்பேசி வைத்திருக்கும் பெண்கள் தமிழ்நாட்டில் 74.6 விழுக்காடு, இந்திய அளவில் 54 விழுக்காடு. கைப்பேசி பரவிய மாநிலத்தில் வன்முறை குறைந்திருக்கும் என்ற எதிர்பார்ப்பை இந்த எண்கள் தாங்கவில்லை. மேலும், ‘தாமே பயன்படுத்தும்’ கைப்பேசி தம் பெயரில் உள்ளதா என்பதை அந்த விழுக்காடு சொல்வதில்லை; இக்கட்டுரைக்கு வேண்டியதோ அந்த இரண்டாவது செய்திதான்.

கணவன் தன் ஆதாரைக் கொடுத்து வாங்கிய சிம்மை மனைவி பல ஆண்டுகள் பயன்படுத்தினாலும், நிறுவனத்தின் பதிவில் அந்த எண்ணுக்கு உரியவன் அவனே. அவள் வீட்டைவிட்டு வெளியேறிய மறுநாள் அவன் கடைக்குப் போய், சிம் தொலைந்துவிட்டது என்று சொல்லி மாற்றுச் சிம் வாங்கிவிட்டால், அவள் கையிலுள்ள சிம் செத்துவிடும். வங்கி அனுப்பும் ஓடிபி, அதாவது ஒருமுறை மட்டும் செல்லும் கடவு எண், அவனுக்குப் போய்ச் சேரும். நியாயவிலைக் கடையில் அவள் அரிசியும் பருப்பும் வாங்கியதும், குடும்ப அட்டையில் பதிவான எண்ணுக்குக் குறுஞ்செய்தி போகிறது. 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகையின் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கில் விழுந்த செய்தியும், அதை அவள் எடுத்த செய்தியும், வங்கியில் பதிவான எண் அவனுடையது என்றால் அவனுக்கே வருகின்றன. ஆலைத் தொழிலாளியின் வருங்கால வைப்பு நிதியை இணையவழியில் எடுக்க ஆதாரோடு இணைந்த எண்ணுக்கு வரும் ஓடிபி வேண்டும் என்பதால், பத்து ஆண்டு உழைப்பின் சேமிப்பும் அந்த ஒரே எண்ணில் முடங்குகிறது. இவற்றில் ஒன்றுக்குக்கூட வேவுச் செயலி தேவையில்லை. அரசும் வங்கியும் நல்ல நோக்கத்தோடு அனுப்பும் செய்திகளே அவளுடைய நாளைச் சொல்லிக்கொடுத்துவிடுகின்றன.

கைப்பேசிக்குள் நடப்பதும் பெரும்பாலும் இவ்வளவு எளிமையானதே. வாட்ஸ்அப்பில் மற்றொரு கருவியை இணைக்கும் வசதி உண்டு. மனைவி குளிக்கப் போன நேரத்தில் அவள் கைப்பேசியைத் திறந்து ஒரு கியூஆர் குறியீட்டைப் படம்பிடித்தால் போதும், அதன்பின் அவள் உரையாடல்கள் வேறொரு திரையிலும் ஓடிக்கொண்டிருக்கும். கைப்பேசி வாங்கிய அன்றே கணவனோ கடைக்காரரோ திறந்துகொடுத்த கூகுள் கணக்கின் கடவுச்சொல் அவனிடம் இருந்தால், படங்களும் தொடர்பு எண்களும் மட்டுமன்றி, தொலைந்த கைப்பேசியைத் தேடுவதற்காக வைக்கப்பட்ட வசதி வழியாக அவள் நிற்கும் இடமும் அவனுக்குத் தெரியும். நியூயார்க்கின் கார்னெல் டெக் ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வுகளும் இதையே சொல்கின்றன: துணையைத் துன்புறுத்துவோரில் பலர் தொழில்நுட்ப வல்லுநர்கள் அல்லர்; கருவிக்கு உடைமையாளராகவோ கணக்கைத் திறந்தவராகவோ இருப்பதாலும், பிள்ளைகளின் பாதுகாப்புக்கென்றே விற்கப்படும் சாதாரணச் செயலிகளைக் கண்காணிப்புக்குத் திருப்பிவிடுவதாலும் அவர்கள் காரியத்தைச் சாதிக்கின்றனர். ஒரு கருவிக்கு உடைமையாளர் ஒருவர், பயன்படுத்துபவர் வேறொருவர் என்பது விதிவிலக்காக இல்லாத இந்தியக் குடும்பத்தில் அந்த முடிவு இன்னும் அழுத்தமாகப் பொருந்துகிறது.

இத்தகைய பெண்ணுக்கு உதவ முன்வருவோர் செய்யும் முதல் காரியமே சில வேளைகளில் ஆபத்தாக முடிகிறது. எல்லாவற்றையும் உடனே துண்டித்துவிடுவது, கைப்பேசிக் கடையில் கொடுத்து ரீசெட் போட்டுவிடுவது ஆகிய இரண்டும் அனிச்சையாகவே வரும் யோசனைகள். ஆனால் கண்காணிப்பு திடீரென்று அறுபடும்போது, அவள் விலகத் துணிந்துவிட்டாள் என்ற செய்தி கணவனுக்கு எட்டுகிறது. பிரிவை ஒட்டிய நாள்களே உயிராபத்து கூடும் நாள்கள் என்பது இத்துறையில் உழைப்போர் பல நாடுகளிலும் கண்டறிந்த உண்மை. ரீசெட் போட்ட கைப்பேசியிலிருந்து மிரட்டல் செய்திகளும், எந்தக் கருவி எப்போது இணைக்கப்பட்டது என்ற தடயமும் மறைந்துவிடும். மின்னணுச் சான்றுக்குச் சான்றிதழ் கட்டாயம் என்று அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தபோதே, மூலக் கருவியை அதன் உடைமையாளரே நீதிமன்றத்தில் முன்வைத்து மெய்ப்பித்தால் அச்சான்றிதழ் வேண்டியதில்லை என்றும் விளக்கியது. அந்த நிலையில், அழிக்கப்படாத கைப்பேசியே அவளுடைய வலுவான சாட்சி. ஆகவே பழைய கைப்பேசியை வழக்கம்போல் இயங்கவிட்டு, தன் பெயரில் வாங்கிய புதிய சிம்மையும் புதிய மின்னஞ்சல் கணக்கையும் கணவன் தொட்டறியாத வேறொரு கருவியில் தொடங்கி, அதன்பின் ஆதார் மையத்துக்கு நேரில் சென்று கைரேகை வைத்து எண்ணை மாற்றி, வங்கி, வைப்பு நிதி, குடும்ப அட்டை என்று ஒவ்வொன்றாக நகர்வதே பொருத்தமான வரிசை. ஆதாரில் எண்ணை மாற்ற மையத்தில் பழைய எண்ணின் ஓடிபி கேட்கப்படுவதில்லை என்ற சிறு செய்தி, பல பெண்களுக்கு ஒரு கதவையே திறந்துவிடக்கூடியது. மைய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் தம் பெயரில் எத்தனை இணைப்புகள் உள்ளன என்று பார்க்க முடிவதால், அவளுடைய ஆதாரில் கணவன் வாங்கி வைத்திருக்கும் எண்களும் வெளிப்படும்.

சட்டம் இதற்கு எந்த அளவு துணை நிற்கிறது என்பது கூர்ந்து பார்க்க வேண்டிய கேள்வி. 2005 சட்டத்தின் 18ஆம் பிரிவு, பாதுகாப்பு ஆணையின் வழியாக, நேரிலோ எழுத்திலோ மின்னணு வழியிலோ தொலைபேசியிலோ அப்பெண்ணைத் தொடர்புகொள்ளக் கணவனுக்குத் தடை விதிக்க நீதித்துறை நடுவருக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் சத்தமின்றிப் பார்த்துக்கொண்டிருப்பவன் யாரையும் தொடர்புகொள்வதில்லை. அவன் செய்தி அனுப்புவதில்லை, அவளுடைய செய்திகளைப் படிக்கிறான். பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு, ஒரு பெண்ணின் இணையம், மின்னஞ்சல், பிற மின்னணுத் தொடர்புப் பயன்பாட்டைக் கண்காணிக்கும் ஆணைப் பின்தொடர்தல் குற்றத்துக்கு உரியவனாக்குகிறது. கணவனுக்கு விலக்கு அளிக்கவும் இல்லை. எனினும் இருப்பிடத்தைப் பின்தொடர்வது அப்பிரிவில் பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. இந்த இடைவெளியை நிரப்ப வல்லது 18ஆம் பிரிவின் இறுதி உட்கூறு: ஆணையில் குறிப்பிடப்படும் வேறு எந்தச் செயலையும் நடுவர் தடை செய்யலாம். அதோடு 19ஆம் பிரிவின்கீழ் அவளுடைய பாதுகாப்புக்குத் தேவையான கூடுதல் நிபந்தனைகளை விதிக்கவும், 23ஆம் பிரிவின்கீழ் எதிர்த்தரப்பைக் கேட்கும் முன்பே இடைக்கால ஆணை பிறப்பிக்கவும் முடியும். இவற்றைச் சேர்த்துப் படித்தால், அவள் பயன்படுத்தும் எண்ணுக்கு மாற்றுச் சிம் வாங்கக் கூடாது, அவளுடைய கணக்குகளுக்குள் நுழையக் கூடாது, எண்ணை அவள் பெயருக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும் என்று ஆணையிட நடுவருக்குத் தடை ஏதும் இல்லை. ஓடிபியைக் கையில் வைத்துக்கொண்டு பணத்தைத் தொடவிடாமல் செய்வதும், அவளுக்கு உரிமையுள்ள வசதிகளை மறுப்பது என்ற அளவில், அச்சட்டம் வரையறுக்கும் பொருளாதார வன்முறைக்குள்ளேயே அடங்கும். ஆணையை மீறினால் 31ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறையோ 20,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். அம்மீறலைப் பெண்ணின் சாட்சியத்தை மட்டுமே கொண்டு முடிவு செய்யலாம் என்கிறது 32ஆம் பிரிவு. கேட்டால் கிடைக்கக்கூடிய இந்த ஆணைகள் மனுவில் கேட்கப்பட வேண்டும் என்பதுதான் முதல் தேவை.

நீதிமன்றங்களின் அண்மைப் போக்கு ஒரு சிக்கலையும் கொண்டுவந்திருக்கிறது. மனைவியின் அழைப்பு விவரங்களை அவளறியாமல் திரட்டி மணமுறிவு வழக்கில் கணவன் தாக்கல் செய்ததைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024 அக்டோபரில் ஏற்க மறுத்து, தனியுரிமை கணவன் மனைவிக்கு இடையிலும் உண்டு என்று உறுதிபடக் கூறியது. ஏறக்குறைய ஒன்பது மாதங்கள் கழித்து, 2025 ஜூலை 14 அன்று விபோர் கர்க் வழக்கில், மனைவியோடு பேசியதைக் கணவன் இரகசியமாகப் பதிவு செய்தது மணவாழ்க்கை வழக்கில் சான்றாகலாம் என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. மூடிய கதவுக்குள் விழும் வசைக்கும் மிரட்டலுக்கும் ஒலிப்பதிவைத் தவிர வேறு சாட்சி இல்லாத பெண்ணுக்கு இத்தீர்ப்பு பயன்படும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் வேவு பார்த்தவனுக்கும் அதே வாசல் திறக்கும் என்ற அச்சம் நியாயமானது. இங்கே ஒரு வேறுபாட்டை நீதிமன்றங்கள் போற்ற வேண்டும்: தன்னிடம் பேசப்பட்டதை ஒருவர் பதிவு செய்வது வேறு, மற்றவர் பிறரோடு பேசியதையும், அவர் போன இடத்தையும், அவருடைய கணக்குக்குள் இருப்பதையும் திரட்டுவது வேறு. முன்னதைச் சான்றாக ஏற்பதிலிருந்து பின்னதும் ஏற்கத்தக்கது என்ற முடிவு தானாகப் பிறப்பதில்லை.

இறுதிக் கேள்வி, இவை அனைத்தும் நடைபெற வேண்டிய இடம் பற்றியது. 2005 சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட 2006ஆம் ஆண்டு விதிகளோடு இணைந்த ஐந்தாம் படிவம் பாதுகாப்புத் திட்டத்துக்கு உரியது. என்ன வன்முறை நடந்தது, அதனால் விளைந்தது என்ன, எதை அஞ்சுகிறார், என்ன ஆணை வேண்டும் என்று அப்பெண்ணோடு அமர்ந்து பாதுகாப்பு அலுவலர் நிரப்ப வேண்டிய அட்டவணை அது. வீட்டுக்கு வீடு தொடுதிரைக் கைப்பேசி வராத காலத்தில் அமைக்கப்பட்ட அப்படிவத்தை நிரப்பும்போது, சிம் யார் பெயரில், ஆதாரில் எந்த எண், கணக்கைத் திறந்தவர் யார், வாட்ஸ்அப் வேறெங்கும் இணைக்கப்பட்டுள்ளதா என்ற நான்கு கேள்விகளையும் கேட்பதற்குச் சட்டத் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. சமூக நலத்துறையின் ஒரு சுற்றறிக்கை போதும். கும்மிடிப்பூண்டியிலிருந்து மாவட்டத் தலைநகரான திருவள்ளூருக்கு நேரடி ரயில் கிடையாது. புறநகர் ரயிலில் சென்னை சென்ட்ரல் வரை போய் வேறு வழித்தடத்தில் மாற வேண்டும், அல்லது ஊத்துக்கோட்டை வழியாகவோ பெரியபாளையம் வழியாகவோ பேருந்தில் அலைய வேண்டும். கையிலுள்ள கைப்பேசி அந்த அரைநாள் பயணத்தை முழுதுமாகக் காட்டிக்கொடுக்கும். ஒரு ஷிப்டுச் சம்பளமும் போய்விடும். எனவே அலுவலர் வட்டாரத்துக்கு வருவதே முறை. ஆலைகளின் உள்ளகப் புகார்க் குழுக்கள் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கென அமைந்தவை என்றாலும், அவை கூடும் நாளில் ஆலை வளாகத்துக்குள்ளேயே பாதுகாப்பு அலுவலரும் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞரும் அமர்ந்தால், வேலைக்கு வந்த இடத்திலேயே, தோழியின் கைப்பேசியிலிருந்து 181 என்ற மகளிர் உதவி எண்ணுக்கு அழைக்கவும் படிவத்தை நிரப்பவும் ஒரு பெண்ணால் இயலும். பெண்கள் அனைவரும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள் என்பதால் வழக்கறிஞருக்கு அவள் செலவிட வேண்டியதில்லை. ஒடிசாவிலோ பீகாரிலோ மணந்து இங்கே குடியேறியவளுக்கும் இந்த வழி உண்டு: தற்காலிகமாக வசிக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ மனுச் செய்யலாம் என்றும், அந்த ஆணை இந்தியா முழுவதும் செல்லும் என்றும் 2005 சட்டத்தின் 27ஆம் பிரிவு கூறுகிறது. எனவே சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒரு பெண், ஊருக்குத் திரும்பிவிட்ட கணவன் அங்கிருந்தபடியே தன் எண்ணுக்கு மாற்றுச் சிம் வாங்குவதைத் தடுக்கும் ஆணையை இந்த வட்டாரத்துக்குரிய நீதிமன்றத்திலேயே கேட்டுப் பெறலாம்.