பத்து செகண்ட் பிழை, நாலு கிலோமீட்டர் நகர்ந்த நாடு

இன்னைக்கு ஒரு சின்ன எண்ணோட வரலாறு: 2 நிமிடம் 27 விநாடி. இது கடிகார நேரம் இல்லை, கோண அளவு.

ஜிஎன்எஸ்எஸ் கருவியால நிலம் அளக்கிறவங்களுக்கு ‘பேஸ்’ தெரியும். ஒரு கருவியை ஓரிடத்தில் அசையாம நிறுத்திட்டு, இன்னொன்றை வரப்பு, கிணறு, மூலைக்கல்னு எடுத்துட்டுப் போவாங்க. அந்த இரண்டாவது கருவி, அதாவது ரோவர், பேஸிலிருந்து எவ்வளவு தூரம், எந்தத் திசைன்னு மட்டும்தான் துல்லியமா சொல்லும். பேஸுக்குத் தப்பான ஆயத்தொலைவு கொடுத்தா, நிலத்தோட நீள அகலம் சென்டிமீட்டர் சுத்தமா வரும்; ஆனா மொத்த நிலமும் அப்படியே ஒரு பக்கம் நகர்ந்து நிற்கும்.

இந்திய வரைபடத்தையே அப்படி நகர்த்தின ஒரு பேஸ், சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்தது. 1792-ல் கட்டின மெட்ராஸ் வானியல் ஆய்வுக்கூடம்.

1802-ல் வில்லியம் லாம்டன் பரங்கிமலை பக்கத்தில் சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால அளந்தார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமா அளவை வளர்ந்தது. வேலை சுத்தம்னா அவ்வளவு சுத்தம்! 1830-களில் டேராடூன் பக்கம் ஓர் அடிக்கோட்டை அளந்தப்போ, முக்கோணக் கணக்கு சொன்ன நீளத்துக்கும் அதுக்கும் சில அங்குலம்தான் வித்தியாசம்.

ஆனா முக்கோணங்கள் கிரீனிச்சிலிருந்து நாம எவ்வளவு கிழக்கே இருக்கோம்னு சொல்லாது. அதுக்கு ஆய்வுக்கூடத்தோட தீர்க்கரேகையைத்தான் ஆதாரமா எடுத்தாங்க: 80 டிகிரி 17 நிமிடம் 21 விநாடி. தீர்க்கரேகைன்னா உண்மையில் நேர வித்தியாசம். அந்தக் காலத்தில் அதைக் கண்டுபிடிக்க வியாழனோட நிலாக்கள்தான் பொதுக் கடிகாரம். ஒரு நிலா வியாழனோட நிழலுக்குள்ள போற கணத்தை ரெண்டு ஊரிலும் குறிச்சு ஒப்பிடணும். சிக்கல் என்னன்னா, நிலா பட்டுனு மறையாது, மெல்ல மங்கும். தொலைநோக்கியைப் பொறுத்தும் கண்ணைப் பொறுத்தும் அந்தக் ‘கணம்’ மாறும். சென்னையில் ஒரு செகண்ட் பிழைன்னா தரையில் சுமார் 450 மீட்டர்.

தந்தி வந்த பிறகு தூரத்து ஊர்க் கடிகாரங்களை மின்சைகையால நேரடியா ஒப்பிட முடிஞ்சது. 1890-களில் பர்ரார்டும் லெனாக்ஸ்-கோனிங்காமும் கிரீனிச்சோட அப்படி இணைச்சாங்க. பழைய வரைபடங்களில் 2 நிமிடம் 27 விநாடி கழிக்கணும்னு முடிவாச்சு. நேரத்தில் பத்து செகண்ட் கூட இல்லை; தரையில் நாலு கிலோமீட்டருக்கு மேல!

கவனிங்க, முக்கோணங்களை எத்தனை தடவை சரிபார்த்தாலும் இந்தப் பிழை தெரிஞ்சிருக்காது. எல்லாப் புள்ளியும் சேர்ந்தே நகர்ந்தா உள்ளே எதுவும் முரண்படாது. வெளியிலிருந்து தனியா ஓர் அளவு வரணும்.

அச்சான தாள்களை எல்லாம் உடனே திரும்ப வரைய முடியாது. அதனால திருத்தத்தை ஓரத்தில் குறிப்பா அச்சடிச்சாங்க. இன்னைக்கு அந்தத் தாளை ஸ்கேன் பண்றவர் ஓரத்தை வெட்டிட்டா, ஒரு கிராமமே நாலு கிலோமீட்டர் தள்ளிப் போயிடும்.

ஜிஎன்எஸ்எஸ்லயும் இதே கதைதான். பேஸ் தானாகக் கணிச்ச இடம் சில மீட்டர் தவறலாம். அதையே வெச்சு ஒருத்தர் அளந்து, பக்கத்து நிலத்தைச் சரியான பேஸ் வெச்சு இன்னொருத்தர் அளந்தா, வரைபடத்தில் ரெண்டு பேர் வரப்பும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறும். அங்கிருந்து வழக்குதான். அதனால பேஸோட மூலத் தரவைப் பத்திரமா வையுங்க. நிரந்தர நிலையத் தரவோட இணைச்சு பேஸோட சரியான இடத்தைக் கண்டுபிடிச்சு, ரோவர் புள்ளிகளைத் திரும்பக் கணக்கிடுங்க. எந்த எண்ணைத் திருத்தினீங்கன்னு அறிக்கையில் எழுதுங்க. நம்ம காலத்து ஓரக்குறிப்பு அதுதான்.