அந்தியேட்டிக் கல்வெட்டு

யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களில் ஒருவர் இறந்த 31ஆம் நாள் அந்தியேட்டி என்னும் கிரியை நடக்கும். காலையில் கீரிமலையிலோ வேறு தீர்த்தக் கரையிலோ கிரியைகளை முடித்துவிட்டு வருவார்கள். பிறகு வீட்டில் மதிய உணவு. சாப்பிட்டுப் புறப்படும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிறு புத்தகம் கொடுக்கப்படும். அட்டையில் இறந்தவரின் படமும், பிறந்த ஊரும், இறந்த தேதியும் இருக்கும். உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, உற்றார் புலம்பல், வம்சாவளி, கடைசியில் நன்றி நவிலல். இதற்குக் கல்வெட்டு என்று பெயர். அண்மைக்காலத்தில் நினைவு மலர் என்றும் சொல்கிறார்கள். பள்ளிக்கூடப் படிப்பைத் தாண்டாத ஒரு கமக்காரருக்கும் அச்சில் ஒரு வரலாறு உண்டு என்ற நிலையை இந்த வழக்கம் உண்டாக்கியது.

இதன் வேர் மிகப் பழையது. இறந்தவரை எண்ணிச் செயலற்று நின்று பாடுவதைத் தொல்காப்பியம் கையறுநிலை என்ற துறையாக வகுத்திருக்கிறது. புறநானூற்றில் இத்துறைப் பாடல்கள் பல. அவற்றைப் பாடியவர்களில் முன்னிற்பவர்கள் மனைவி மக்கள் அல்லர், நண்பர்கள். பறம்பு மலைப் பாரியை இழந்த கபிலர், அதியமானை இழந்த ஔவையார், கோப்பெருஞ்சோழனை இழந்த பொத்தியார் ஆகியோரை இதற்குக் காட்டலாம். சோழன் அரசைத் துறந்து வடக்கிருந்தபோது, அதாவது வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர்விடத் துணிந்தபோது, அதுவரை அவனை நேரில் பார்த்திராத பிசிராந்தையார் பாண்டிய நாட்டிலிருந்து வந்து உடன் அமர்ந்தார். பொத்தியாரும் அமர விரும்பினார். அவர் மனைவி கருவுற்றிருந்ததால், மகன் பிறந்த பின் வரும்படி சோழன் திருப்பி அனுப்பிவிட்டான். மகன் பிறந்த பிறகு பொத்தியார் வந்தபோது சோழன் நடுகல்லாகியிருந்தான். அந்தக் கல்லின் முன் நின்று பொத்தியார் தமக்கும் இடம் கேட்டார். கல்லில் பெயர் பொறிப்பதும் நண்பர் பாடுவதும் இங்கே ஒரே இடத்தில் சேர்கின்றன.

பிற்காலத்தில் இத்தகைய செய்யுளுக்குச் சரமகவி என்ற பெயர் வழங்கியது. 19ஆம் நூற்றாண்டில் அச்சுக்கூடங்கள் பெருகவே, புலவர் ஒருவர் மறைந்தால் மற்றப் புலவர்கள் சரமகவி எழுதி வெளியிடுவது வழக்கமாயிற்று. இதில் ஒரு தொடர்ச்சியைப் பார்க்கலாம். ஆறுமுக நாவலர் 1879இல் காலமானபோது அவரைப் பாடியவர்களுள் சி. வை. தாமோதரம்பிள்ளை ஒருவர். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து பின்னர் சைவத்துக்குத் திரும்பியவர் அவர். 1868இல் அவர் பதிப்பித்த தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையத்தைப் பரிசோதித்துக் கொடுத்தவர் நாவலர். தாமோதரம்பிள்ளை 1901 ஜனவரி 1 அன்று சென்னையில் மறைந்தார். அப்போது பாடியவர்களில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரித் தமிழாசிரியர் வி. கோ. சூரியநாராயண சாஸ்திரி முக்கியமானவர். பரிதிமாற்கலைஞர் என்று இன்று அறியப்படும் அவருக்குத் திராவிட சாஸ்திரி என்ற பட்டத்தைக் கொடுத்ததே தாமோதரம்பிள்ளைதான். சாஸ்திரியும் 1903இல் 33 வயதிலேயே போய்விட்டார். ஒருவர் இழப்பை மற்றவர் பாட, பாடியவரை அடுத்தவர் பாடினார். அந்தச் செய்யுள்கள் இன்று அவர்கள் நட்புக்குச் சான்றாகவும் நிற்கின்றன.

புலவர்களுக்கு மட்டும் உரியதாயிருந்த இந்த மரியாதை, யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் எல்லோருக்கும் பொதுவாயிற்று. ஊர்தோறும் தமிழ்ப் பள்ளிக்கூடமும், யாப்புத் தெரிந்த ஒரு பண்டிதரோ வாத்தியாரோ இருந்ததும், அச்சுக்கூலி கைக்கு எட்டியதும் இதற்குக் காரணங்கள். வேலை முழுவதும் ஒரு மாதத்துக்குள் முடிய வேண்டும். வீட்டார் குறிப்புக் கொடுப்பார்கள்; பண்டிதர் பாடிக் கொடுப்பார்; அச்சகம் எழுத்துக் கோத்துக் கொடுக்கும். பழைய கல்வெட்டுகளில் காப்பு, ஊர்ச் சிறப்பு, குடிப் பெருமை, வாழ்க்கை என்று பாட்டாகவே எல்லாம் போகும். பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரர் புலம்பல் என்று வரிசை நீளும். இத்தனை பேர் குரலிலும் அழுதவர் அந்த ஒரே பண்டிதர். அந்தியேட்டியன்று இதை ஒருவர் இராகத்தோடு படிக்க, சுற்றியிருந்தவர்கள் கேட்டு அழுவார்கள். பெண்களின் ஒப்பாரி வாய்மொழியாக இருந்தது. கல்வெட்டுப் புலம்பல் அதற்கு இலக்கண உடை போட்டு அச்சில் ஏற்றியது.

இந்தப் புத்தகத்தில் தவறாமல் இடம்பெறுவது திதி வெண்பா. இறந்த ஆண்டின் பெயர் அறுபதாண்டுச் சுற்றிலிருந்து வரும். அதோடு மாதம், வளர்பிறையா தேய்பிறையா என்பது, திதி, இறந்தவர் பெயர், அவர் சிவபதம் அடைந்த செய்தி எல்லாம் நான்கு அடிக்குள் அடங்க வேண்டும். வருடாந்தத் திவசம் ஆங்கிலத் தேதியில் வருவதில்லை. மாதமும் பக்கமும் திதியும் தெரிந்தால்தான் ஐயர் பஞ்சாங்கம் பார்த்து நாள் சொல்ல முடியும். ஆகவே வெண்பா அந்தக் குடும்பத்தின் பதிவேடாகவும் பயன்பட்டது. எதுகையும் மோனையும் தளையும் இருப்பதால் ஒரு சொல் மாறினாலும் தட்டும். குறிப்பு சிதையாமல் இருக்க இதைவிடச் சிக்கனமான வழி கிடைப்பது கடினம். கவித்துவத்தை இதில் தேடுவது வீண்.

கவித்துவமும் உண்மையும் பெரும்பாலும் நண்பர் எழுதும் பக்கத்தில்தான் கிடைக்கும். குடும்பத்தார் புலம்பல்கள் எந்த வீட்டுக்கும் பொருந்தும்படி வார்க்கப்பட்டவை. அன்னதானம் செய்தார், அடியாரைப் போற்றினார் என்ற புகழ்ச்சி எல்லாக் கல்வெட்டிலும் உண்டு. இறந்தவர் ஒரு கலைஞராக இருந்து, அவரோடு கூட நடித்தவரோ கூடப் பாடியவரோ எழுத வரும்போது தொனி மாறுகிறது. மார்கழித் திருவெம்பாவைக் காலத்தில் விடியுமுன் சங்கூதி ஊரை எழுப்பியவர், கோயிலில் கந்தபுராண படனத்துக்குப் பயன் சொன்னவர், நாடகத்துக்குச் சீன் வரைந்தவர், தேர்ச்சிற்பம் செதுக்கியவர் என்று ஆள் அடையாளம் தெரியத் தொடங்குகிறது. யாழ்ப்பாணத்தில் கலையும் வழிபாடும் பெரும்பாலும் ஒரே கோயில் வீதியில் நடந்தவை. அதனால் ஒரு கலைஞரைப் பற்றி நண்பர் எழுதும் இரண்டு பக்கத்தில் அவருடைய பக்தியும் தானாகவே வந்துவிடும். உரைநடை பெருகிய பிறகு இந்தப் பகுதி வளர்ந்தது, புலம்பற்பா சுருங்கியது. இது நல்ல மாற்றமே.

நட்புப் பாட்டு உயர்ந்த இலக்கியமாகவும் அமையும் என்பதற்கு ஈழத்திலிருந்தே எடுத்துக்காட்டு உண்டு. சுவாமி விபுலாநந்தர் மறைந்த நண்பர் ஒருவரை நினைந்து பாடியது ‘கங்கையில் விடுத்த ஓலை’. அவர் 1892இல் கிழக்கிலங்கைக் காரைதீவில் பிறந்தார். இராமகிருஷ்ண மிஷன் துறவியாகவும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராகவும் இருந்தவர். பழந்தமிழ் இசையை ஆராய்ந்த அவருடைய யாழ் நூல் 1947 ஜூனில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் காலமானார். மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில், அவர் வளர்த்த சிவானந்த வித்தியாலய வளாகத்தில் அவருடைய சமாதி இருக்கிறது. இறைவனுக்கு உவந்த மலர் எது என்று அவர் பாடிய பாட்டே அதில் பொறிக்கப்பட்டது.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்வெட்டு இன்னொரு வேலையையும் ஏற்றுக்கொண்டது. அழுகைப் பாட்டுக்குப் பதிலாகத் திருமுறைத் திரட்டு, கந்தர் சஷ்டி கவசம், ஊர் வரலாறு, கோயில் வரலாறு போன்றவற்றை நினைவு வெளியீடாக அச்சிட்டுக் கொடுக்கும் குடும்பங்கள் கூடின. கிறிஸ்தவக் குடும்பங்களும் 31ஆம் நாள் நினைவு வழிபாட்டை ஒட்டி இத்தகைய மலர்களை வெளியிட்டன.

இன வன்முறையும் அதைத் தொடர்ந்த உள்நாட்டுப் போரும் இந்த வழக்கத்தைக் குலைத்தன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. 1990இல் கீரிமலை அடங்கிய வலிகாமம் வடக்கு மக்கள் வெளியேற்றப்பட்டதால் அங்கே போவதும் நின்றது. அந்தியேட்டி வேறு கரைகளுக்கு மாறியது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் நாளிதழ்களே கோடு போட்ட பள்ளிக் கொப்பித் தாளில் வந்தன. 1995 இடப்பெயர்வில் வீட்டோடு அலுமாரியையும் விட்டுப் போனவர்களின் கல்வெட்டுகள் திரும்பக் கிடைக்கவில்லை.

அதே காலத்தில் வழக்கம் கடல் கடந்தது. ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் நகரங்களில் பளபளப்புத் தாளில், பல வண்ணத்தில் மலர்கள் வரத் தொடங்கின. திதி வெண்பா எழுதித் தர ஆள் தேடி ஊருக்குத் தொலைபேசி எடுக்கும் நிலையும் வந்தது. பேரப்பிள்ளைகள் எழுதும் பக்கம் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இருக்கும். நண்பர் பக்கம் மட்டும் பெரும்பாலும் தமிழிலேயே இருக்கிறது. எழுதுபவர் ஊரில் கூடப் படித்தவர் என்பதே காரணம்.

நூலகம் என்ற எண்ணிம நூலகம் 2005இல் தொடங்கப்பட்ட பின், நினைவு மலர்களும் வருடி எடுக்கப்பட்டு இணையத்தில் சேர்க்கப்படுகின்றன. மலாயாவுக்குப் புகையிரத வேலைக்குப் போனவர் எந்த ஊரில் பெண் எடுத்தார், எந்த வாத்தியாரிடம் படித்தார், எந்தக் கோயிலுக்குக் கிணறு வெட்டினார் என்பதெல்லாம் வம்சாவளியிலும் வரலாற்றுப் பகுதியிலும் கிடைக்கின்றன. காணி உறுதியிலோ அரசாங்கப் பதிவிலோ இவை ஒருசேரக் கிடைப்பதில்லை. புகழ்ச்சியைக் கழித்துப் படிக்க வேண்டும். குடும்பத்தில் நடந்த பிணக்குகள் அச்சேறுவதில்லை. சாதி சொல்லப்படாமலே ஊரும் உறவும் வழியாகத் தெரிந்துவிடும். இவற்றை மனத்தில் கொண்டால், யாழ்ப்பாணச் சமூக வரலாற்றுக்குக் கல்வெட்டு ஒரு முதல்தரச் சான்று.