சிலோன் ரேடியோவும் என் முதல் இசைத்தட்டும்



இன்று பிப்ரவரி 13, உலக வானொலி நாள். போன வருடம் இதே நாளில் இலங்கை வானொலியைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்த பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். "சார், மெட்ராஸ் ஸ்டேஷன் நம்ம ஓரிக்கைக்கு எழுபது, எழுபத்தைந்து கிலோமீட்டர்தான். அதை விட்டுட்டு கடல் தாண்டி இருக்கிற கொழும்பை ஏன் சார் கேட்டீங்க?" என்றார். வகுப்பில் கேட்டிருந்தால் எல்லோரையும் கைதட்டச் சொல்லியிருப்பேன். போனில் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இப்போது சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் சரித்திரம். சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16-இல் தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு 1952-இல் மத்திய அரசில் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக பி.வி. கேஸ்கர் வந்தார். சங்கீத ஞானம் உள்ளவர். சாஸ்திரிய சங்கீதம் பாமர மக்களையும் எட்ட வேண்டும் என்று நினைத்தார். அது நல்ல எண்ணம்தான். ஆனால் சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்றும் நினைத்தார். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு இடம் சுருங்கிப்போனது. அவர் 1962 வரை அமைச்சராக இருந்தார்.

அதே சமயத்தில் கொழும்பில் வேறொன்று நடந்தது. இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியப் படைகளுக்காக ஆங்கிலேயர் ஏக்கலை என்ற இடத்தில் 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி ஒன்றை அமைத்திருந்தார்கள். போர் முடிந்தபின் அது இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. 1950-இல் விளம்பரங்களோடு கூடிய வர்த்தக ஒலிபரப்பு ஆரம்பமானது. கருவி பலமானது, விளம்பரக் காசு வருகிறது, கேட்பவர்களோ பாட்டுக்கு ஏங்கிக் கிடக்கிறார்கள். வேறென்ன வேண்டும்? 1952-இல் அமீன் சயானியின் பினாகா கீத்மாலாவை வட இந்தியா முழுவதும் கேட்டதும் கொழும்பிலிருந்துதான். நமக்குத் தமிழ்ச் சேவை. டெல்லி விழித்துக்கொண்டு 1957 அக்டோபர் 3-இல் விவித் பாரதியைத் தொடங்கியது. அதற்குள் நம் ஜனங்களுக்குப் பக்கத்து வீட்டில் சாப்பிட்டுப் பழகிவிட்டது.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். நான் பிறந்தது 1958. அப்போது நாம் செங்கல்பட்டு மாவட்டம். எங்கள் வீட்டில் ஒரு தறி. அப்பா நெய்வார். காஞ்சிபுரம் பட்டில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் கோர்வை போட வேண்டும். அதற்கு நெய்பவர் ஒருவர் போதாது, கரைப் பக்கம் நாடா தள்ள இன்னொரு ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அந்த இன்னொரு ஆள் அக்கா. எட்டாம் வகுப்போடு பள்ளியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தவர். நான் மேலே படித்தேன். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் உள்ள சம்பந்தம் உங்களுக்குப் புரியும்.

தறிமேட்டுக்கு மேலே ஆணியில் ஒரு டிரான்சிஸ்டர் தொங்கும். நான்கு பேட்டரிக் கட்டை. சத்தம் குறைந்தால் கட்டைகளை எடுத்து வெயிலில் காயவைத்து மறுபடி போடுவோம். இன்னும் இரண்டு நாள் ஓடும். வருடம் ஒருமுறை தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்ட வேண்டும் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். காலையில் பொங்கும் பூம்புனல். அப்புறம் நேயர் விருப்பம், பிறந்தநாள் வாழ்த்து. கே.எஸ். ராஜாவின் மின்னல் வேகப் பேச்சு, பி.எச். அப்துல் ஹமீதின் திருத்தமான உச்சரிப்பு, ராஜேஸ்வரி சண்முகத்தின் கனிவான குரல். நான் வகுப்பில் ழகரத்துக்காக உங்களை வதைத்தேனே, அதற்குப் பாதிக் காரணம் இவர்கள்தான்.

பூகோளமும் அங்கேதான் படித்தேன். பாட்டுக்கு முன்னால் விரும்பிக் கேட்டவர்களின் ஊரும் பேரும் வாசிப்பார்கள். ஹட்டன், பதுளை, பண்டாரவளை, மட்டக்களப்பு, பருத்தித்துறை. நம் பக்கத்திலிருந்து திருச்சி, தூத்துக்குடி, ஆம்பூர். இலங்கையின் வரைபடத்தைப் பார்ப்பதற்கு முன்பே அந்த ஊர்களெல்லாம் எனக்குக் காதில் பழக்கம்.

அக்காவுக்கு ஒரே ஆசை. தன் பெயரை அதில் வாசிக்க வேண்டும். இதயக்கமலம் என்று 1965-இல் வந்த படம். கே.வி. மகாதேவன் இசை. அதில் பி. சுசீலா பாடிய ஒரு பாட்டைக் கேட்டு கொழும்புக்குக் கடிதம் போட்டுக்கொண்டே இருந்தார். எழுதுவது அக்கா, விலாசத்தைச் சரிபார்ப்பது நான். வெளிநாட்டுத் தபால் என்பதால் உள்ளூரைவிட அதிகமாக ஸ்டாம்பு ஒட்ட வேண்டும். நான் தார் சுற்றிச் சேர்த்த காசு அதில் போகும். மாதக்கணக்கில் ஒன்றும் வரவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் வந்தது. ஓரிக்கை என்று கொழும்பில் ஒருவர் சொன்னார். அடுத்து அக்காவின் பெயர். வீட்டில் நான் மட்டும் இருந்தேன். அக்கா கிணற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். நான் ஓடினேன். அவர் குடத்தோடு ஓடி வருவதற்குள் பாட்டும் முடிந்து, அடுத்த பாட்டுக்கான பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார்கள். "பொய் சொல்றியாடா தம்பி?" என்றார். சத்தியம் செய்தேன். நம்பினாரா என்று தெரியாது. குடத்தை இறக்கி வைத்துவிட்டுத் தறியில் போய் உட்கார்ந்தார். வானொலி ஒருமுறைதான் சொல்லும்.

அதன்பின் நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து ஆசிரியர் பயிற்சிக்குப் போனேன். 1976. அந்த வருடம்தான் இளையராஜாவின் முதல் படம் அன்னக்கிளி வந்தது. விடுமுறையில் டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தோடு காஞ்சிபுரத்தில் இசைத்தட்டு விற்கிற கடைக்குப் போனேன். "எல்லாரும் அன்னக்கிளி கேட்கிறாங்க, நீ என்னப்பா பத்து வருஷத்துப் பழசைக் கேட்கிற?" என்று சொல்லிக்கொண்டே அடியிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தார் கடைக்காரர். நிமிடத்துக்கு 45 சுற்று சுற்றும் சின்னத் தட்டு. பக்கத்துக்கு இரண்டு பாட்டு. அதற்கு முன்பிருந்த அரக்குத் தட்டுகள் 78 சுற்று, பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான், கீழே விழுந்தால் அப்பளமாக நொறுங்கும். இது வளையும், உடையாது. கொடுத்த காசுக்கு எங்கள் வீட்டுக்கு ஒரு வாரத்து அரிசி வாங்கியிருக்கலாம். அதைவிட வேடிக்கை, எங்கள் வீட்டில் அதைப் போட்டுக் கேட்க எந்தக் கருவியும் இல்லை.

தெருக்கோடியில் மைக் செட் அண்ணன் இருந்தார். கல்யாணம், காதுகுத்து, கூழ் ஊற்றுவது எல்லாவற்றுக்கும் அவர்தான். திருவிளையாடல் வசனத் தட்டைப் போட்டுப் போட்டு ஊரே மனப்பாடம் செய்ய வைத்தவர். அவரிடம் தட்டைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டார். அன்று சாயங்காலம் குழாயை எங்கள் வீட்டுப் பக்கம் திருப்பிக் கட்டினார். மைக்கை இரண்டு முறை ஊதினார். பிறகு, நான் சொல்லிக் கொடுக்காமலே, கொழும்பு அறிவிப்பாளர் மாதிரியே குரலை மாற்றிக்கொண்டு ஊர் பெயரையும் அக்காவின் பெயரையும் சொல்லி, "இவர் விரும்பிக் கேட்ட பாடல்" என்றார். வீட்டுக்குள்ளே தறிச் சத்தம் நின்றது. பாட்டு முடிகிறவரை அது மறுபடி கேட்கவில்லை.

நம் ஊர்ப் பெயருக்கு ஒரு கதை உண்டு. திருமழிசை ஆழ்வாரையும் கணிகண்ணரையும் பின்தொடர்ந்து வந்த பெருமாள் இங்கே ஓர் இரவு தங்கினார், ஓரிரவிருக்கை என்பது ஓரிக்கை ஆனது என்பார்கள். ஒரே ஓர் இரவு. அதற்கே ஊருக்குப் பெயர் நிலைத்துவிட்டது. மூன்று நிமிடப் பாட்டை ஒருத்தி வாழ்நாள் முழுக்க வைத்துக்கொண்டிருப்பதில் என்ன ஆச்சரியம்?

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் முடித்தால் சரித்திரம் பாதிதான். நம் பெயரைக் கொழும்பு சொல்ல வேண்டும் என்று எத்தனை கடிதம் போட்டோம். சொல்கிறவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று ஒரு வரி கேட்டதில்லை. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. செய்தித்தாளில் வந்த ஊர்ப் பெயர்கள் எல்லாம் நான் நேயர் விருப்பத்தில் கேட்ட ஊர்கள். பாட்டு கேட்ட அந்த வீடுகள் என்ன ஆயின என்று அன்றுதான் முதன்முதலாக யோசித்தேன். 1994-இல் கே.எஸ். ராஜா கொழும்பில் கொல்லப்பட்டார். அன்று நான் ஐந்தாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டுதான் இருந்திருப்பேன். ஒரு நிமிடம்கூட நிறுத்தவில்லை. அந்தக் கடன் எனக்கு இன்னும் இருக்கிறது.

என் மாணவரின் கேள்விக்கு இதுதான் பதில். நம் வீட்டில் கிடைக்காத பாட்டு அங்கே கிடைத்தது. அதோடு நம்மைப் போன்றவர்களையும் அங்கே ஒருவர் பெயர் சொல்லி அழைத்தார். தறியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணுக்கு அதற்கு முன் அப்படி யாரும் செய்ததில்லை.

அக்கா இப்போது உத்திரமேரூரில் இருக்கிறார். தட்டும் அவரிடம்தான். போட்டுக் கேட்கக் கருவி இன்றைக்கும் இல்லை. பேத்தி போனில் அந்தப் பாட்டை நிமிடத்தில் எடுத்துக் கொடுத்துவிடுகிறாள். ஆனாலும் பொங்கலுக்கு முன் வீடு சுத்தம் செய்யும்போது தட்டை எடுத்து, உறையைத் துடைத்து, பழைய இடத்திலேயே வைக்கிறார். பெயரை மட்டும் இதில் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "ஊரே ஒரு தடவை கேட்டாச்சு, போதும்" என்கிறார்.

உங்கள் வீட்டிலும் ஓர் அம்மாவோ அத்தையோ பாட்டியோ கொழும்புக்குக் கடிதம் போட்டிருப்பார்கள். இன்று இரவு சாப்பாட்டின்போது கேட்டுப் பாருங்கள். எந்தப் பாட்டைக் கேட்டார்கள், பெயர் வந்ததா, வந்தபோது வீட்டில் இருந்தார்களா என்று.