சொல்லித்தர ஆளில்லாத வீடுகள்: கண்டியில் பட்டப்பின் மாணவரும் அரச சேவைக்கான வழிகாட்டலும்

கண்டியிலும் பேராதனையிலும் வார இறுதிகளில் நடக்கும் அரசறிவியல், பொது நிருவாக முதுமாணி வகுப்புகளில் இரண்டு வகை மாணவர் அருகருகே இருந்து படிக்கின்றனர். ஒரு சாரார் பிரதேச செயலகத்திலோ மாகாணத் திணைக்களத்திலோ பணியாற்றுபவர்கள். பதவி உயர்வுக்கு உதவும் என்று படிக்க வந்தவர்கள். மறு சாரார் முதற்பட்டம் முடித்துத் தற்காலிகமாகக் கற்பித்துக்கொண்டோ, வேலையின்றியோ படிப்பவர்கள். முன்னவர் அரச இயந்திரத்தின் உள்ளே இருக்கிறார். பின்னவருக்கு அதன் வாசல் எந்தப் பக்கம் என்பதே தெளிவில்லை. இக்கட்டுரை பின்னவரை, குறிப்பாக மலையகத் தோட்டங்களிலிருந்து வரும் தமிழ் மாணவரை மனத்தில் வைத்து எழுதப்படுகிறது. இந்நாட்டில் அரச தொழிலைப் பற்றிய நடைமுறை அறிவு பெரும்பாலும் உறவுகளின் வழியே கைமாறுகிறது. அந்த அறிவு வாய்க்காத மாணவருக்கு அதை முறையாக வழங்குவதே பல்கலைக்கழகத் தொழில் வழிகாட்டலின் முதற்கடமை என்பது என் வாதம்.

உறவு வழி வரும் அறிவு என்றால் என்ன என்பதை ஒரு வர்த்தமானி அறிவித்தலை எடுத்துப் பார்த்தால் புரியும். வெள்ளிக்கிழமை வெளிவரும் வர்த்தமானியில் திறந்த போட்டிப் பரீட்சைக்கான அறிவித்தல் பல பக்கங்களுக்கு நீளும். விண்ணப்ப முடிவுத் திகதியில் வயது எத்தனை, எத்திகதிக்கு முன் பட்டம் செல்லுபடியாகியிருக்க வேண்டும், ஏற்கெனவே அரச சேவையில் இருப்பவர் திணைக்களத் தலைவர் ஊடாக அனுப்ப வேண்டுமா, கடித உறையின் இடது பக்க மேல் மூலையில் எதைக் குறிப்பிட வேண்டும் என்று ஒவ்வொரு வாசகத்திலும் ஒரு நிபந்தனை. ஒன்றைத் தவறவிட்டாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். தந்தையோ மாமாவோ கச்சேரியில் வேலை செய்த வீட்டில் இது சாப்பாட்டு நேரப் பேச்சு. சேவைப் பிரமாணக் குறிப்பு எது, ஆட்சேர்ப்புத் திட்டம் எது, வினைத்திறன்காண் தடைதாண்டல் பரீட்சை எப்போது வரும் என்பதெல்லாம் அங்கே பிள்ளைகள் கேட்டு வளர்ந்த சொற்கள். கலஹாவிலோ புசல்லாவையிலோ லயத்தில் வளர்ந்த மாணவிக்கு முதுமாணி வகுப்புக்கு வந்த பின்னும் இவை அந்நியமாகவே இருக்கக்கூடும்.

இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. பிரசாவுரிமை இல்லாதவருக்கு அரச சேவையும் இல்லை. எஞ்சியிருந்தோருக்கு உரிமை வழங்கிய சட்டம் 2003இல்தான் வந்தது. இடைப்பட்ட அரை நூற்றாண்டில் ஏனைய சமூகங்களின் குடும்பங்களில் சேர்ந்த நிருவாக அனுபவம் இங்கே சேரவில்லை. 1963 மே மாதத்தில் சிவில் சேவைக்குப் பதிலாக இலங்கை நிருவாக சேவை உருவானபோது, வாசல் அகலமாகத் திறக்கப்பட்டதென்று பலர் மகிழ்ந்தனர். ஆனால் அந்த வாசலை அணுகுவதற்கே பிரசாவுரிமை வேண்டியிருந்தது.

பேராதனைக்கும் அரச அலுவல்களுக்கும் உள்ள உறவு பழையது. முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் அரசியலமைப்பு அறிஞர், டி. எஸ். சேனாநாயக்கவுக்கு ஆலோசனை கூறியவர். இங்கே அரசறிவியலின் முதற் பேராசிரியராக விளங்கிய ஏ. ஜெயரத்தினம் வில்சன் பின்னாளில் ஜே. ஆர். ஜயவர்தனவுக்கு அரசியலமைப்பு விடயங்களில் ஆலோசனை வழங்கினார். ஆசிரியர்கள் அரசுக்குப் போய்வர எப்போதும் பாதை இருந்தது. மாணவருக்கு அத்தகைய பாதையை எவரும் அமைக்கவில்லை.

பாதைக்குப் பதிலாகக் கிடைத்தது மொத்தமாக உள்வாங்கும் வழக்கம். வேலையற்ற பட்டதாரிகளின் போராட்டம் வலுக்கும்போது, அல்லது தேர்தல் நெருங்கும்போது, ஆயிரக்கணக்கானோரைப் பயிலுநர்களாகச் சேர்ப்பது. 2020இல் 50,000 பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபா கொடுப்பனவில் சேர்க்கும் திட்டம் இதன் அண்மைய பெரிய வடிவம். வேலையின்றி வாடிய இளைஞருக்கு அது பேருதவியாக இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் யார் எந்த வேலைக்குப் பொருத்தம் என்ற கேள்வியே அங்கே எழுவதில்லை. காத்திருந்தால் கிடைக்கும் என்ற எண்ணம் வேரூன்றியபின் வழிகாட்டலை நாடி எவர் வருவார்? 1989இல் அமைக்கப்பட்ட இளைஞர் பற்றிய சனாதிபதி ஆணைக்குழு, அரசியல்வாதியின் துண்டுக்கு வேலை கொடுக்கும் வழக்கம் இளைஞரின் கொதிப்புக்கு ஒரு காரணம் என 1990 அறிக்கையில் எடுத்துக்காட்டியது. தகுதியைக் கண்டறிந்து வேலையோடு இணைக்கும் பொறிமுறை இல்லாத இடத்தைத் துண்டு நிரப்பியது.

பல்கலைக்கழகங்களின் தொழில் வழிகாட்டல் அலகுகள் பயனுள்ளவை. ஆயினும் அவை முதற்பட்ட மாணவரையும் தனியார் துறையையும் முன்னிட்டே இயங்குகின்றன. சுயவிபரக் கோவை எழுதுதல், நேர்முகப் பயிற்சி, ஆங்கிலப் பேச்சு, தொழிற்சந்தை ஆகியவை அவற்றின் வழமையான பணிகள். வங்கிக்கோ காப்புறுதி நிறுவனத்துக்கோ போகிறவருக்கு இது போதும். பொது அலுவல்கள் படித்தவர் எழுத வேண்டியிருப்பது வேறு வகை எழுத்து: உயரதிகாரி ஒரே பார்வையில் படித்து முடிவெடுக்கக்கூடிய இரண்டு பக்கக் கொள்கைக் குறிப்பு, பிரதேச சபையின் வரவு செலவுத் திட்ட முன்மொழிவு, 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழான பதில். இருநூறு பக்க ஆய்வேட்டை எழுதி முடித்தவரும் இவற்றில் ஒன்றையேனும் எழுதிப் பழகாமல் வெளியேறலாம்.

மலையகத்தில் இத்தகைய எழுத்தில் வல்லோருக்குத் தேவை இருக்கிறது. பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. பதினாறாம் திருத்தம் தமிழர் செறிந்த பிரதேச செயலகப் பிரிவுகளை இருமொழி நிருவாகப் பிரிவுகளாக்க இடமளித்தது. 2007 யூலை முதல் சேவையில் சேர்ந்தோர் இரண்டாம் மொழித் தேர்ச்சி பெற வேண்டுமெனச் சுற்றறிக்கையும் வந்தது. தோட்டங்களுக்குள் பிரதேச சபைகள் பணம் செலவிடத் தடையாயிருந்த 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவும் 2018இல் திருத்தப்பட்டது. தோட்டத்து வீதிக்குத் திட்டம் தயாரிக்கவும், மக்களிடம் தமிழில் கேட்டறியவும், அதைச் சிங்களத்திலும் எழுதவும் வல்ல ஆட்கள் கண்டி மாவட்டச் சபைகளுக்கு வேண்டும். அத்தகைய ஆளாகத்தக்கவர் அதே மாவட்டத்தில் முதுமாணி படித்துக்கொண்டிருக்கிறார். இரு தரப்பையும் சந்திக்க வைப்பது யாருடைய வேலை என்று எங்கும் எழுதப்படவில்லை.

அந்த வேலையை அரசே ஏற்றுச் செய்த நாடும் உண்டு. ஐக்கிய அமெரிக்காவில் முதுமாணி மாணவரைக் கூட்டாட்சி அரச சேவைக்குள் அழைத்துச் செல்லும் சனாதிபதி முகாமைத்துவப் புலமையாளர் திட்டம் 1977இல் தொடங்கி 2025இல் ஓர் ஆணையால் கைவிடப்பட்டது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீடித்த ஏற்பாடும் ஒரு கையொப்பத்தில் போய்விடும் என்பதால், மாணவரை அரச சேவையோடு இணைக்கும் பாலத்தை அரசு மட்டும் தாங்கக்கூடாது, பல்கலைக்கழகமும் தாங்க வேண்டும் எனக் கருதுகிறேன்.

பல்கலைக்கழகம் வேலைவாய்ப்பு முகவர் நிலையமா என்று சிலர் கேட்பர். அறிவைத் தேடுவதே அதன் பணி என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் நிருவாகத்தைப் பற்றிய அறிவில் கணிசமான பகுதி அலுவலகங்களில்தான் இருக்கிறது. அங்கே போகாமல் அதைக் கற்க முடியாது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் அரசு ஆட்சேர்ப்பைச் சுருக்குகிறதே என்பது இன்னும் கனமான மறுப்பு. இடங்கள் குறையும்போது தகவல் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையிலான தூரம் கூடும் என்பதே என் பதில். தவிரவும், பொது அலுவல் என்பது அரச நியமனத்தோடு முடிவதில்லை. கண்டியில் 1972 முதல் இயங்கிய சத்தியோதயம் போன்ற அமைப்புகள் தோட்ட மக்களிடையே செய்த பணியும் பொது அலுவல்தான்.

செய்யக்கூடியது பெரிய செலவுள்ளதன்று. முதுமாணி நெறியில் ஒரு பகுதியை, பிரதேச செயலகத்திலோ பிரதேச சபையிலோ மேற்பார்வையுடன் செய்யும் பணியாக மாற்றலாம். மாகாணப் பிரதம செயலாளருடன் ஓர் உடன்படிக்கை இருந்தால் போதும். அங்கே மாணவர் தயாரிக்கும் இருமொழி அறிக்கையே மதிப்பீட்டுக்கு உரியதாகட்டும். வகுப்பில் ஏற்கெனவே இருக்கும் உத்தியோகத்தர்கள், அருகில் அமர்ந்திருக்கும் வேலையற்ற சகபாடிக்கு ஒரு பருவம் வழிகாட்டுவதை அவர்களது பாடநெறியின் பகுதியாக்கலாம். வர்த்தமானியை வரிவரியாக வாசித்து விளக்கும் அமர்வொன்றைத் தமிழிலும் சிங்களத்திலும் மாதந்தோறும் நடத்தலாம். இவற்றில் கடைசியானதைத் தொடங்க எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. ஒரு விரிவுரையாளரும் ஓர் அறையும் போதும்.